உரியாவின் நாற்பது பாகம்

நில அளவையாளர் வாவியா கப்பலிலிருந்து படகுக்கும், படகிலிருந்து முழங்கால் தண்ணீருக்கும் இறங்கி மோத்துகுராத் தீவின் மணலில் கால் வைத்தபோது, அவருக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் போகினோ. தீவுக்கு ஒரே போலீஸ்காரர். திருட்டே நடக்காத ஊரில் பதினோரு வருஷமாகக் கைவிலங்குக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவர். அவருக்குப் பின்னால் காலி வாளியோடு நின்றவள் அகாயிதி, ஐம்பதைத் தாண்டிய விதவை.

"நாளைக்கு மத்தியானம் கப்பல் திரும்புது. இன்னிக்கே நிலக் கோர்ட்டை முடிச்சாகணும். என்ன பிராது?" என்று கேட்டார் வாவியா.

"கோர்ட்டு என்னங்கய்யா கோர்ட்டு! செத்தவரே வந்து அளந்துட்டுப் போறாரு. உயிரோட இருக்கிறவ பேசி எடுபடுமா?" என்றாள் அகாயிதி.

போகினோ சட்டென்று திரும்பிக் கடற்கரையைப் பார்த்துக்கொண்டார். நல்ல வெயில்தான். ஆனாலும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

நடந்துகொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். ஆளுக்கு ஆள் பாகம் வேறு என்பதால், யார் கையால் அளந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தத் தீவில் சொல்வார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், 1931இல், கோர்ட்டுப் புத்தகத்தில் எழுதியது இது: எல்லைக் கல்லிலிருந்து கரையோரமாக, உரியாவின் கையால் நாற்பது பாகம் உரியாவின் நிலம், அதற்கு அப்பால் அகாயிதி குடும்பத்தின் நிலம். நாற்பதாவது பாகத்தில் ஒரு தென்னை நின்றது. சென்ற புயல் அந்தத் தென்னையை வேரோடு கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. உரியா செத்து இருபது வருஷமாகிறது.

"மரம் போன ரெண்டாவது மாசம் ஆரம்பிச்சுதுங்கய்யா. காலைல எந்திரிச்சுப் பார்த்தா மணல்ல கை. வரிசையா கை. ஒரு காலடி கிடையாது. இது நாலாவது தடவை" என்றார் போகினோ. அவர் குரல் இறங்கிவிட்டது. "வலது கைல அஞ்சு விரல். இடது கைல மூணு. உரியாப் பெரியவருக்கு இடது கைல கடைசி ரெண்டு விரலையும் சுறா எடுத்துடுச்சு. ஊருக்கே தெரியும்."

"நாற்பது பாகம் எங்கே முடியுது?"

"என் கிணத்தத் தாண்டி, ஐயா" என்றாள் அகாயிதி. "கிணறு இப்ப அவரு எல்லைக்குள்ள போயிடுச்சு. ஊர்ல ஒருத்தரும் தண்ணி எடுக்க வர மாட்டேங்கிறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாலு மாசமா அரை மைல் போய் வாளி தூக்குறேன். இன்னிக்குக் கோர்ட்டும் கிணறு போச்சுன்னு சொல்லிட்டா, நாளைக்குக் கப்பல்ல என் மகன்கூட ஏற வேண்டியதுதான். ஏறினா இந்த ஊர் மண்ணை நான் இனி மிதிக்கப்போறதில்ல."

சொல்லிவிட்டு அவள் வாளியோடு தூரத்துக் கிணற்றுப் பக்கம் போனாள்.

கரையில் அன்றைய கைகள் இன்னும் அழியாமல் இருந்தன. எல்லைக் கல்லின் அடியில் மூன்று விரல் பதிந்த ஒரு இடது கை. தள்ளி ஒரு வலது கை. அதை ஒட்டியே மறுபடி இடது கை. யாரோ குப்புறப் படுத்து, கையை விரித்து, எழுந்து, மறுபடி படுத்துப் படுத்துத் தீவின் ஓரமாகவே போயிருப்பது போல இருந்தது. ஆனால் படுத்த உடம்பின் தடம் இல்லை. நடந்த காலின் தடமும் இல்லை. கைகளைச் சுற்றி மணல் சுத்தமாக, விளக்குமாறு போட்ட மெல்லிய கோடுகள்கூடக் கலையாமல் கிடந்தது. மோத்துகுராவில் விடிந்ததும் வீட்டைச் சுற்றி மணலைப் பெருக்காதவர்கள் கிடையாது. அதனால் போகினோவின் கண்ணுக்கு அந்தக் கோடுகள் தெரிந்தும் தெரியவில்லை.

வாவியா குந்தி உட்கார்ந்து நாடாவை நீட்டினார். ஒரு பக்கம் அடியும் மறுபக்கம் மீட்டரும் போட்ட நாடா அது.

"ஆறடி, ஆறே முக்கால் அங்குலம். எழுதிக்கங்க."

அடுத்த பாகமும் ஆறடி ஆறே முக்கால் அங்குலம். அதற்கு அடுத்ததும் அதேதான். இருபதைத் தாண்டியும் அங்குலம் மாறவில்லை. "அம்மாடி, என்ன கை! ஊர்ல யாருக்கும் இவ்வளவு விரியாதுங்கய்யா" என்றார் போகினோ. வாவியா நாடாவைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த பாகத்துக்குப் போனார்.

முப்பத்தேழாவது பாகத்தில் மட்டும் வரிசை கோணியிருந்தது. அதுவரை நூல் பிடித்த மாதிரி வந்த கைகள் அங்கே தண்ணீர்ப் பக்கமாக ஒரு முழம் ஒதுங்கி, அதைக் கடந்ததும் பழைய நேருக்கே திரும்பியிருந்தன. ஒதுங்கிய இடத்தில் கல்லில்லை, செடியில்லை. வெறும் மணல்தான்.

அவர்கள் அங்கே நிற்கும்போதே அகாயிதி தண்ணீர் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தாள். வீட்டுக்கு நேராக வந்தவள், அந்த வெறும் மணலுக்குப் பக்கத்தில் வந்ததும் பாரத்தோடு வளைந்து சுற்றிக்கொண்டு போனாள். குட்டையைச் சுற்றிப் போகிறவள் மாதிரி இருந்தது, ஆனால் அங்கே குட்டை ஏதும் இல்லை. போகினோ அதைப் பார்த்தார். வயதான பெண்களுக்கு ஆயிரம் வழக்கம் இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்.

வீட்டில் அவள் மகன் தெரே மரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது. பிரெஞ்சுக்காரர் தீவான மகாதேயாவில் மூன்று வருஷம் பாஸ்பேட் வெட்டிவிட்டுச் சென்ற வருஷம்தான் ஊர் திரும்பியிருந்தான். நாளைக்கு ஆக்லாந்துக்குக் கிளம்புகிறான். பெட்டியில் தாயின் பாய்களும் இருந்தன.

"எதுக்குங்கய்யா வீணா அளக்கிறீங்க? செத்தவரோட வழக்காட முடியுமா? அம்மாவுக்கு நான் இருக்கேன். அங்க குழாயத் திருப்பினா தண்ணி கொட்டும்" என்றான்.

"நான் இன்னும் வரேன்னு சொல்லலைடா" என்றாள் உள்ளேயிருந்து அகாயிதி.

எல்லைக் கல்லை ஒட்டிய வீட்டில் உரியாவின் தம்பி மகன் மதாயோ இருந்தான். உரியாவின் நிலம் இப்போது அவனுடையது. கிணறு கைக்கு வந்தால் லாபம் அவனுக்குத்தான். தீவை விட்டு வெளியே போகாதவன். கடல் என்றாலே வயிற்றைப் புரட்டும் என்று சொல்லி மீன் பிடிக்கவும் போகாதவன்.

"எனக்கு எதுக்குங்க கிணறு? இருக்கிற தென்னையையே ஏறிப் பறிக்க முடியல" என்றான் பாயில் புரண்டுகொண்டே. "ஆனா பெரியப்பாவே வந்து அளந்து குடுத்தா, வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

கொப்பரைக் கிட்டங்கியில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார் சாமுவேலா. மதாயோவின் மைத்துனர், கிறிஸ்தவக் கோயிலில் மூப்பர். "நாப்பத்தஞ்சு கிலோ" என்று முனகிவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம், "நூறு ராத்தல்னு எழுதுடா" என்றார். வாவியா புருவத்தை உயர்த்தியதும் சிரித்தார். "மகாதேயாவுல ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். ஊருக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு, வாய் இன்னும் திரும்பல."

வாவியா மூவரிடமும் கடைசியாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "உரியா எவ்வளவு உயரம்?" மதாயோ எழுந்து நின்று தன் தலைக்கு மேல் ஒரு சாண் காட்டினான். சாமுவேலா வாசல் நிலையின் மேல் சட்டத்தைக் காட்டினார். தெரே, தான் பார்த்ததில்லை என்றும் கூரையைத் தொடுவார் என்று கேள்வி என்றும் சொன்னான்.

"நீங்க சொல்லுங்க" என்று போகினோவைக் கேட்டார் வாவியா.

போகினோ அண்ணாந்து பார்த்தார். "நான் அவரைப் பார்க்கிறப்ப எனக்குப் பத்து வயசுங்கய்யா. வானத்துக்கு நின்னாரு."

"இருபது வருஷமா குழிக்குள்ள வளர்ந்துக்கிட்டே இருக்காரு மனுஷன்" என்றார் வாவியா. "சரி, கிணத்துக்குப் போலாம். அதைத் தோண்டினது யாரு?"

"அவர்தான். அகாயிதி அக்கா கல்யாணத்துக்கு அவர் குடுத்த சீர் அது. தனியாளாத் தோண்டிக் கல் அடுக்கிக் குடுத்தாராம்."

சொன்ன பிறகுதான் போகினோவுக்குச் செத்தவரின் கை பட்ட கிணறு என்பது உறைத்தது. அதற்குள் அங்கே வந்துவிட்டார்கள். கிணற்றின் வாயில் இடுக்கு விட்ட பலகையும் பலகையின் மேல் கல்லும் இருந்தன. பலகையைத் தூக்கினால் நாலு மாசச் சருகு மிதந்தது. கடலில் அலை ஏற ஏற உள்ளே தண்ணீரும் மெல்ல ஏறி, கல் இடுக்குகளில் புஸ் புஸ்ஸென்று காற்றை விட்டது. மூச்சு விடுகிற மாதிரியே கேட்டது.

"உள்ளே இறங்குங்க, போகினோ."

"நானா?"

"நான் இறங்கினா நாடாவை யார் படிக்கிறது?"

போலீஸ்காரர் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் தலைக்கு மேலே வட்டமாக வானம் மட்டும் தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் கல் மூச்சு விட்டது. இடது காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது.

"இந்த ஊர்ல கிணத்துக்கு அகலம் எப்படி வெப்பாங்க?" என்று, நாடாவைக் கிணற்றின் குறுக்கே பிடித்தபடி மேலிருந்து கேட்டார் வாவியா.

"தோண்டுறவன் பாகம்தாங்கய்யா! நடுவுல நின்னு கைய விரிச்சா ரெண்டு பக்கமும் விரல் நுனி கல்லத் தொடணும். அதுக்குக் குறைஞ்சா மண்வெட்டி வீச முடியாது. கூடினா மணல் சரியும். ஐயா, நான் ஏறட்டுமா?"

"ஏறலாம். கைய விரிச்சுக் காட்டிட்டு ஏறுங்க."

போகினோ கைகளை விரித்தார். வானத்துக்கு நின்ற மனிதரின் கிணறு. தன் விரல்கள் எங்கே எட்டப்போகின்றன என்று நினைத்தார். இரண்டு உள்ளங்கைகளும் கல்லில் இடித்தன. முழங்கையை மடக்க வேண்டியிருந்தது. பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சின்ன வயதில் யாரோ ஏமாற்றியதை இப்போதுதான் கண்டுபிடித்தவர் போல அவருக்குக் கண் கலங்கியது.

"ஐயா," என்றார், "நான் அவரைவிடப் பெரியவன்!"

மத்தியானம் கூட்டக் கொட்டகையில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நிலக் கோர்ட்டுக்கு ஊர் நியமித்த நடுவர்கள் மூன்று பேர் முன்னால் இருந்தார்கள். அகாயிதியும் தெரேயும் ஒரு தூணோரம், மதாயோவும் சாமுவேலாவும் எதிர்த் தூணோரம். வாவியா அவசரப்படாமல் எழுந்தார்.

"உரியாவோட பாகம் அஞ்சடி பத்தங்குலம். அவர் தோண்டின கிணறு சொல்லுது. நீங்க நினைச்சுக்கிட்டிருக்கிற உரியா உங்க பேச்சுல வளர்ந்த ஆளு. அவர் கையால நாற்பது பாகம்னா இருநூத்து முப்பத்து மூணடி நாலங்குலம். கிணறு அதுக்கும் பத்தடிக்கு மேல அந்தப் பக்கம். கிணறு அகாயிதியோடது."

கொட்டகை சலசலத்தது. ஒரு கிழவர் கையைத் தூக்கினார். "அப்ப மணல்ல வர்ற கை? செத்த பிறகு கை நீளக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்லைங்க. ஆனா நம்ம ஊர்ல கையால அளக்கிறவன் தரையில படுத்தா அளக்கிறான்? கயித்த மார்மேல இழுத்துப் பிடிச்சு அளப்பான். உரியாவும் அப்படித்தான் அளந்திருப்பாரு. அதுவும் போக, மனுஷன் கை நாற்பது தடவையும் ஒரே மாதிரி விரியாது. களைக்கும், குறையும். இதுல ஒரு அங்குலம் மாறல."

"ஆவிக்குக் களைப்பு ஏது?" என்றார் கிழவர் விடாமல்.

"சரி, களைப்பு வேண்டாம். ஆவி தன் காலடிய விளக்குமாறு போட்டுப் பெருக்குமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போகினோ தலையில் அடித்துக்கொண்டார். வீட்டைச் சுற்றித்தான் பெருக்குவார்கள், வீடே இல்லாத கரையை யார் பெருக்குவார்கள்?

"இது கையால அளந்தது இல்ல, கழியால அளந்தது" என்றார் வாவியா. "எந்தக் கழி? இங்கிலீஷ்காரங்க அடிக்கணக்குல பார்த்தா ஆறடி ஆறே முக்கால். அப்படி ஒரு கழிய எவனும் வெட்ட மாட்டான். பிரெஞ்சுக்காரங்க கணக்குல பார்த்தா சரியா ரெண்டு மீட்டர். அவங்க எவன் உடம்பையும் நம்பாம, பூமியையே அளந்து பங்கு போட்டு மீட்டர்னு வெச்சவங்க. சாமுவேலா அண்ணே, மகாதேயாவுல குழிய எதை வெச்சு அளப்பீங்க?"

சாமுவேலாவின் முகம் வெளிறியது. "ரெண்டு மீட்டர் கழிதான். நம்ம ஆளுங்க அதைப் பாகம்னே சொல்லுவாங்க. ஆனா சத்தியமா நான்..."

அவரைப் பேச விடவில்லை. "மைத்துனனும் மைத்துனனும் சேர்ந்துக்கிட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். "செத்தவர் பேரைச் சொல்லி ஒரு விதவை வாயில மண்ணப் போட்டீங்களே!" என்றது இன்னொரு குரல். இரண்டு பேர் எழுந்து மதாயோவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். செத்தவரைப் போல வேஷம் போட்டவனுக்கு மோத்துகுராவில் யாரும் சோறு போட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். மதாயோ வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேகமாக எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாது" என்று அழுதான். போகினோவின் கை தானாக விலங்கைத் தொட்டது.

"உட்காருங்க" என்றார் வாவியா. குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கைவரிசை முப்பத்தேழாவது பாகத்துல ஒரு முழம் ஒதுங்கிப் போகுது. அங்க ஒண்ணும் இல்ல. ஆனா இன்னிக்குக் காலைல இன்னொருத்தரும் அதே இடத்தச் சுத்திக்கிட்டுப் போனதைப் பார்த்தேன். அகாயிதி அம்மா, அந்த இடத்துல என்ன இருக்கு? விருப்பம் இல்லேன்னா நீங்க சொல்ல வேண்டாம். கிணறு எப்படியும் உங்களோடதுதான்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இடிந்து விழுவதைப் போகினோ பார்த்தார். அவள் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மதாயோவையே வெகுநேரம் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்துவிட்டால் அவன் கதை அதோடு முடிந்தது. பேசினால் முடிவது எவன் கதை என்பது போகினோவுக்கு அப்போதுதான் புரிந்தது. விலங்கிலிருந்து கையை எடுத்தார்.

"என் பொண்ணு இருக்கா" என்றாள் அகாயிதி.



"கொப்பரை வெட்ட ஆளில்லாத் திட்டுக்குப் போயிருந்தப்ப பிறந்தா. நாலு நாள் இருந்தா. ஞானஸ்நானம் ஆகலை, கோயில் மண்ணுல இடம் குடுக்க மாட்டாங்கன்னு கூடைல வெச்சுக் கொண்டுவந்து, கல்லுகூட வைக்காம அங்க புதைச்சோம். பதினஞ்சு வருஷம் ஆச்சு. அது அவ அப்பாவுக்குத் தெரியும், அவரு கடலோட போயிட்டாரு. எனக்குத் தெரியும்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அப்புறம் அன்னிக்குக் கூடையத் தூக்கிட்டு வந்தவனுக்குத் தெரியும்."

தெரே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"நீ வர மாட்டேங்கிறியே அம்மா" என்றான் உள்ளுக்குள்ளிருந்து. "அப்பாவும் இல்ல. நானும் போயிட்டா நீ இங்க கேட்பாரில்லாம செத்துக் கிடப்ப. கிணறு போச்சுன்னா கிளம்பிடுவேன்னு நினைச்சேன். பெரியவர் பெரிய ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க. கழி சரியா இருக்கும்னு நினைச்சேன்."

"நாலு மாசம் அரை மைல் வாளி தூக்கினேன்டா. நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"



அவள் அவனை அடிப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அகாயிதி எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஆனா தங்கச்சி மேல கை வைக்காம சுத்திப் போயிருக்க" என்றாள். "எந்திரி. மதாயோ வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

செத்தவரை இழிவு செய்தவன் மறுபடி ஊரோடு சேர வேண்டுமானால் வீடு வீடாகப் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்தத் தீவின் வழக்கம். தனியாகப் போக வேண்டும் என்பதும் வழக்கம். அவள் கூடவே போனாள். தடுக்க நடுவர்களுக்கும் வாய் வரவில்லை. இருபத்து நான்கு வீடுகள். கடைசி வீட்டை முடித்துத் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. மறுநாள் காலை கிணற்றின் பலகை எடுத்திருந்தது. ஐந்தாறு பெண்கள் சருகை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் தெரே ஒற்றைப் பெட்டியோடு படகில் ஏறினான். தாயின் பாய்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. அகாயிதி இடுப்புத் தண்ணீர் வரை இறங்கி வந்தாள். மகன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவனோடு பேசவில்லை. படகின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த வாவியாவிடம் கேட்டாள்.

"இங்கேர்ந்து ஆக்லாந்து எவ்வளவு தூரம்யா?"

"ரெண்டாயிரம் மைல் இருக்கும், அம்மா."

"மைல் எனக்குத் தெரியாது. என் கையால சொல்லுங்க."

வாவியா பென்சிலை எடுக்கவில்லை. அவள் கைகளை ஒரு தடவை பார்த்தார். "உங்க பாகத்துக்கு இருபது லட்சம் வரும்" என்றார்.

அகாயிதி தலையை ஆட்டினாள். படகின் விளிம்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். துடுப்புக்காரன் காத்திருந்தான். கரையில் நின்ற போகினோ, தான் ஏன் தொப்பியைக் கழற்றினோம் என்று தெரியாமல் கழற்றினார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கிணத்தத் தூர் வாரிட்டுப் போகச் சொல்லுங்க" என்று வாவியாவிடமே சொல்லிவிட்டு, அவள் படகைத் தள்ளிவிட்டாள்.